மாடசாமிக்கு விலா எலும்பு குறைவு

செப்டம்பர் பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, லண்டனில் நான் வழக்கமாகப் போகும் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு வரிசை முழுக்க எலும்பாகிவிடும். எல்லாம் அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீனுக்காக, இங்கத்திய பேய்ப் பண்டிகை. பிளாஸ்டிக் மண்டை ஓடு, பிளாஸ்டிக் கை, வலையில் கட்டித் தொங்கவிட்ட எலி. பாலும் வெங்காயமும் வாங்க வந்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே கால்மணி நேரம் நின்றுவிடுவேன். போன வருஷம் ஒரு பூனை எலும்புக்கூடு பார்த்தேன். அதற்குக் காது இருந்தது. கூர்மையாக, எலும்பிலேயே செய்த இரண்டு காது. பூனைக்குக் காது வெறும் குருத்தெலும்பு, மற்ற சதையோடு சேர்ந்து அதுவும் மண்ணாகிவிடும், எலும்புக்கூட்டில் காது மிஞ்சவே வழியில்லை. அதையாவது மன்னித்துவிடலாம். பக்கத்துத் தட்டில் சிலந்தியின் எலும்புக்கூடு வைத்திருந்தார்கள். சிலந்திக்கு! அதற்கு முதுகெலும்பும் விலாவும் வைத்து வார்த்தவரை ஒருநாள் நேரில் பார்த்து ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொல்கிறேன், ஆனால் வீட்டில் ஒருவன் இருக்கிறான். ஐந்தடி உயரம். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் 1-ஆம் தேதி வாங்கியது, அன்றைக்குத்தான் எல்லாம் பாதி விலைக்கு வரும். பெயர் மாடசாமி. மாடசாமிக்கு விலா எலும்பு பக்கத்துக்குப் பத்துதான், நமக்குப் பன்னிரண்டு. முழங்கால் சில்லு கிடையாது. முன்கையின் இரண்டு எலும்பையும் ஒட்டி ஒன்றாக வார்த்திருக்கிறார்கள். அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உருண்டால்தான் உள்ளங்கையைத் திருப்ப முடியும், ஆகவே பாவம், அவனால் ஒரு கதவுக் குமிழைக்கூடத் திறக்க முடியாது. அக்டோபர் முழுக்க வாசலில் தொங்குவான்.

என் வேலை தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: வருஷம் முழுக்க நிஜ எலும்பைத் தோண்டுகிறாய், வீட்டுக்கு வந்தும் எலும்பா, சலிக்காதா? சிலர் இன்னொரு பக்கமாக நினைக்கிறார்கள். இப்படி இருட்டுச் சமாச்சாரத்தில் ஆசை இருந்ததால்தான் இந்த வேலைக்கே வந்தாள் என்று. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. நீளமாகச் சொன்னால்தான் சரியாக வரும்.

முதலில் வேலை. தொல்லியல் என்றதும் ஊரில் நினைப்பது பல்கலைக்கழகத்தையோ அரசுத் துறையையோதான். இங்கே எங்களில் பெரும்பாலோர் கட்டுமானக் கூட்டத்தோடு போகிறவர்கள். 1990-இல் இங்கிலாந்தின் திட்ட அனுமதி நெறிமுறை மாறியது. நிலத்தைத் தோண்டிக் கட்டடம் எழுப்புகிறவர், அடியில் பழையது ஏதாவது இருந்தால் அதை ஆராய்ந்து பதிவுசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று வந்தது. அதிலிருந்து பிழைக்கிறவர்கள் நாங்கள். மஞ்சள் சட்டை, தலைக்கவசம், முனையில் இரும்பு வைத்த பூட்ஸ். கொத்தனார் கரண்டியின் தங்கை மாதிரி நான்கு அங்குலத்தில் ஒரு கரண்டி. பழகப் பழகத் தேய்ந்து கைக்கேற்ற வடிவுக்கு வந்துவிடும், அதை யாரும் இரவல் கேட்கக் கூடாது. ஒரு தளம் முடிந்தால் அடுத்தது. பத்து நாளில் எட்டு நாள் கிடைப்பது விக்டோரியா காலத்துச் சாக்கடைதான். மிச்சம் இரண்டு நாள் மழை. சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், முழங்காலைப் பற்றி வேண்டுமானால் கேளுங்கள்.

அப்புறம் சில சமயம் இடுகாடு வரும். லண்டன் மண்ணில் எங்கே கைவைத்தாலும் யாராவது படுத்திருப்பார்கள். ரயில் நிலையத்தை விரிக்கப் போனாலும் சரி, அலுவலகத்துக்கு அடித்தளம் போடப் போனாலும் சரி. 1857-ஆம் ஆண்டு இடுகாட்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. நீதி அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் ஒரு விரல் எலும்பைக்கூட எடுக்க முடியாது. சுற்றிலும் தடுப்பு கட்ட வேண்டும், தெருவில் போகிறவர்கள் எட்டிப்பார்க்கக் கூடாது, மரியாதையோடு நடத்த வேண்டும். எல்லாம் உரிமத்தில் எழுதியே இருக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். முந்தைய வெள்ளிவரை ஐந்தரைக்கும் வெளிச்சம் இருந்த தளம், திங்கட்கிழமை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஹாலோவீன் வாரமும் அதுதான். ஒரு வருஷம் அந்த வாரம் பதினெட்டாம் நூற்றாண்டு இடுகாடு ஒன்றில் இருந்தோம். கூடாரத்துக்குள் விளக்கு, வெளியே மழை, களிமண்ணில் நெருக்கியடித்துச் சவப்பெட்டிகள். மரம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது, கறுப்பாக ஒரு கோடும் துருப்பிடித்த ஆணிகளும்தான் பெட்டி. சினிமாக்காரர்கள் பார்த்தால் காசு கொடுத்து வாங்கிப்போவார்கள், அப்படி ஒரு காட்சி. ஆனால் அதற்குள் நடந்த பேச்சு முழுக்க யார் வீட்டில் பாய்லர் வேலை செய்யவில்லை என்பதுதான். நான் மண்டியிட்டு ஒரு கையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கையில் இருபத்தேழு எலும்பு. மணிக்கட்டில் எட்டு, அதில் ஒன்று பட்டாணி அளவுதான், கவனிக்காவிட்டால் மண்ணோடு வாளிக்குப் போய்விடும். இரும்புக் கரண்டி இந்த இடத்தில் உதவாது, மூங்கில் குச்சியும் மெல்லிய தூரிகையும் வேண்டும். விரல்கள் விறைத்து, எது என் விரல் எது அவர் விரல் என்று ஒரு கணம் குழம்பிப்போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சேறு பூசிய கையுறையும் சேறு பூசிய எலும்பும் விளக்கொளியில் ஒரே நிறம்.

அவர் யார் என்று தெரியாது. ஆனால் பல்லை வைத்து ஒன்று தெரிந்தது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேருகிற இடத்தில், இடது பக்கம், வட்டமாக ஒரு துளை. பென்சிலைச் செருகினால் அப்படியே உட்காரும். களிமண் புகைக்குழாயை அதே இடத்தில் கடித்துக் கடித்துத் தேய்ந்தது. எத்தனை வருஷம் புகைத்திருந்தால் பல்லில் இப்படிப் பள்ளம் விழும்! அந்தத் துளையைப் பார்த்ததும் கூடாரத்தில் எல்லாரும் சிரித்தோம், கேலியில்லை, வீட்டில் ஒரு பெரியப்பாவின் பழக்கத்தைச் சொல்லிச் சிரிப்போமே அந்த மாதிரி.

தளத்தில் முடிந்த பிறகு எலும்பு கழுவும் வேலை. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், கீழே நுண்சல்லடை. மண்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காதுத் துளையில் மெல்லத் தண்ணீர் விட்டால், உள்ளே இறுகியிருந்த மண் கரைந்து, சில சமயம் அதோடு காதுக்குள்ளிருக்கும் சின்ன எலும்புகளும் சல்லடையில் வந்து விழும். அதில் மிகச் சிறியது குதிரைச் சவாரிக்காரர் கால் வைக்கும் அங்கவடி மாதிரி இருக்கும், மூன்று மில்லிமீட்டர்தான், அரிசி நொய் அளவு. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட எல்லாமே, அம்மா கூப்பிட்டது, தேவாலய மணி, தெருச் சண்டை, அது வழியாகத்தான் போயிருக்கிறது. முதல் தடவை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது வாயே வரவில்லை. இத்தனை வருஷத்தில் எலும்பைப் பார்த்து நான் ஆடிப்போனது அந்த ஒரு தடவைதான், அதிலும் பயம் இல்லை.

எலும்பைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவோம் என்று ஒரு பெருமை எங்களுக்கு உண்டு. அதை அடக்குவதற்கென்றே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் இருக்கிறது. கிழக்கு லண்டனில் அந்தப் பகுதியிலுள்ள கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் நிலவறையை 1984 முதல் 1986 வரை காலிசெய்தபோது ஏறக்குறைய 1,000 பேர் கிடைத்தார்கள், அவர்களில் 387 பேருக்குச் சவப்பெட்டித் தகட்டில் பெயரும் வயதும் இருந்தது. அதாவது விடைத்தாள் கையில். எலும்பைப் பார்த்துக் கணித்த வயதைத் தகட்டோடு ஒப்பிட்டால், வயதானவர்களை எல்லாம் சகட்டுமேனிக்கு இளமையாக்கி வைத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய கிழவியை அறுபது என்றால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார், ஆனால் பழங்காலத்தில் யாருமே நாற்பதைத் தாண்டவில்லை என்று அதுவரை எழுதி வந்ததெல்லாம் ஆட்டம் கண்டது. இன்றைக்கும் நாங்கள் ‘நாற்பத்தைந்துக்கு மேல்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

சரி, ஹாலோவீனுக்கு வருகிறேன்.

இத்தனை இறந்தவர்களோடு பழகினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: இறந்தவர்களிடம் பயப்பட எதுவும் இல்லை. பல்வலி, மூட்டுத் தேய்மானம், குழந்தையாக இருந்தபோது சத்துக் குறைவில் வளைந்த கால். எல்லாம் தெரிந்த கதைதான். எனக்குப் பிடிபடாதது, அதனாலேயே என்னை இழுப்பது, உயிரோடு இருந்தவர்களின் பயம். பயம் காற்றில் போய்விடும் என்று நினைப்போம். போகாது, மண்ணில் கிடக்கும். அளந்து, வரைந்து, எண் போட்டுப் பையில் எடுத்துவைக்கலாம்.

வட யார்க்‌ஷரில் வாரம் பெர்சி என்று கைவிடப்பட்ட ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 1960-களில் ஒரு குழியில் கிடைத்த எலும்புகளை வெகுகாலம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்துப் பேராவது இருக்கலாம், 137 எலும்புத் துண்டுகள், பதினொன்றிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுக்குள். வெட்டுக்காயம், உடைத்த தடம், சதையோடு இருக்கும்போதே எரித்த தடம். பஞ்சத்தில் மனிதர் மனிதரைத் தின்றார்களா என்றும் யோசித்துப் பார்த்தார்கள். தின்பதற்கு வெட்டினால் பெரிய மூட்டுகளிலும் தசை ஒட்டும் இடங்களிலும் வெட்டு இருக்கும். இங்கே தலையிலும் கழுத்திலும்தான் குவிந்திருந்தது. வெளியூர்க்காரர்களைக் கொன்றார்களா? பல்லின் வேதியியல் அவர்கள் உள்ளூரில் வளர்ந்தவர்கள் என்றது. மிஞ்சிய நல்ல விளக்கம், செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள் என்று பயந்து, பிணத்தை வெட்டி எரித்திருக்கிறார்கள் என்பது. அந்தக் காலத்து இங்கிலாந்துத் துறவிகள் எழுதிவைத்த கதைகளிலும் இதே வைத்தியம்தான் வருகிறது. யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை பக்கத்து வீட்டுக்காரர். அவர் தலையை இன்று யாரோ ஒருவர் கத்தியை எடுத்துப்போய் வெட்ட வேண்டும். ஊர்க்கூட்டம் போட்டிருப்பார்களா, ஒருவரும் முன்வராமல் சீட்டுப் போட்டிருப்பார்களா? அன்றிரவு அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா? எலும்பில் வெட்டின் ஆழம் இருக்கிறது, இந்தப் பதில் இல்லை.

அயர்லாந்தில் ராஸ்காமன் மாவட்டத்தில் கில்டீஷீன் என்று ஒரு இடம். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு ஆண்களின் வாயில் பெரிய கல்லைத் திணித்துப் புதைத்திருந்தார்கள். ஒருவருக்குத் தாடையே கழன்றுவிடும் அளவுக்கு. திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்றார்கள் தோண்டியவர்கள், ‘இருக்கலாம்’ என்று சொல்லித்தான். பத்திரிகைகளில் வந்தபோது அந்த ‘இருக்கலாம்’ வழியிலேயே விழுந்துவிட்டது, ரத்தக்காட்டேரி என்றும் நடைபிணம் என்றும் தலைப்புப் போட்டார்கள். ஐரோப்பாவில் ரத்தக்காட்டேரிப் பீதி பரவியது அதற்குப் பல நூறு வருஷம் கழித்து.

இந்த விஷயத்தில் எனக்கே ஒரு காயம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு தளத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு குப்புறக் கிடந்தது. குப்புறக் கிடந்தால் உடனே சூனியக்காரி என்று ஒரு கதை ஓடும். உண்மையில் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் இறக்கியிருந்தாலும் இப்படித்தான் கிடக்கும். நான் அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். அக்டோபர் நடுவில் கட்டுமானத் தரப்பிலிருந்து செய்தித்தொடர்பு ஆள் ஒருவர் பேசினார், ரொம்ப இனிமையாக, ‘ஹாலோவீன் வருகிறதே, கொஞ்சம் ஸ்பூக்கியாக ஒரு வரி கிடைக்குமா’ என்று. முடியாது என்றேன். என் பெயர் இல்லாமலேயே அந்த வரி வந்தது. ஹாலோவீனை இவ்வளவு நேசிக்கிற நான் அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. மாடசாமியை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவன் அதற்கென்றே வார்த்தவன். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வாய் கிடையாது.

பயத்தின் சாமான்களில் எனக்கு மிகப் பிடித்தது, கிரீன்விச்சில் 2004-இல் புதைந்து கிடைத்த ஜாடி. தாடிவைத்த முகம் பொறித்த, பதினேழாம் நூற்றாண்டு ஜாடி. ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம். திறந்து பார்த்தால் ஆணி, பித்தளை ஊசி, முடி, இதய வடிவில் வெட்டி ஆணி குத்திய தோல் துண்டு, வெட்டிய நகம், தொப்புளில் சேரும் பஞ்சு, எல்லாம் சிறுநீரில் மிதக்கிறது. தனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பியவர், அதைத் திருப்பிவிடச் செய்தது. ஊசி குத்திய வலி சூனியம் வைத்தவருக்கே போகும் என்பது கணக்கு. செய்வினை எடுக்கிறேன் என்று வீட்டு மூலையைத் தோண்டித் தகடு எடுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, இல்லையா? ஆய்வகத்தில் அந்தச் சிறுநீரில் நிக்கோட்டின் தடயம் கிடைத்தது. புகைபிடிக்கிறவர். நகத்தைப் பார்த்தால் உடல் உழைப்பு அதிகம் இல்லாதவர். பெயர் மட்டும்தான் இல்லை, மற்றபடி முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒருவர் ராத்திரி தூங்காமல் புகைத்துக்கொண்டே தொப்புள் பஞ்சைச் சேகரித்திருக்கிறார் என்பதுவரை தெரிகிறது.

ஹாலோவீனின் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை அயர்லாந்துக்கே போனேன். அமெரிக்காவும் பூசணிக்காயும் பிற்பாடு வந்தவை. அயர்லாந்தில் நவம்பர் முதல் நாளும் அதன் முந்தின இரவும் சௌவின் பண்டிகை. மாடுகளை மேய்ச்சலிலிருந்து இறக்கும் காலம், கோடை முடிந்து குளிர் தொடங்கும் வரப்பு. அந்த வரப்பில் அந்தப் பக்கத்து உலகத்தின் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். கதவு எங்கே என்றுகூடச் சொல்லிவைத்திருக்கிறார்கள்: ராஸ்காமன் மாவட்டத்தில் ராத்குரோகனில் ‘பூனைகளின் குகை’. பழைய ஐரிஷ் கதைகளில் அங்கிருந்து மூச்சுக்காற்றால் பயிரைக் கருக்கும் பறவைகளும், எண்ணி முடிக்கவே முடியாத பன்றிகளும் வெளியே வருகின்றன. நேரில் போனால் வயலோரத்தில் ஒரு முள்மரம், அதன் அடியில் நாய் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அவ்வளவுதான். நுழைவாயில் மேல்கல்லில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில், மெத்வின் மகன் ஃப்ராயேக் என்று வெட்டியிருக்கிறது. பின்பக்கமாகச் சறுக்கி, சேற்றில் வயிறு தேய உள்ளே இறங்கினேன். கொஞ்ச தூரம் மனிதர் கட்டிய கல்சுவர், அப்புறம் இயற்கையான சுண்ணாம்புக்கல் பிளவு, நிமிர்ந்து நிற்க இடம் வந்தது. டார்ச்சை அணைத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக இடுகாட்டில் வேலை செய்கிறவள், ஒரு எலும்புகூட இல்லாத ஈரக் குகையில் பயந்துபோனேன். அந்தப் பயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேயோ மாவட்டத்தில் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தில் அந்த ‘பேய் டர்னிப்’ இருக்கிறது. டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே மெழுகுவத்தி வைப்பார்கள். டொனகலில் செய்த ஒன்றின் பிளாஸ்டர் வார்ப்பு அது. பூசணிக்காய் முகம் என்னதான் பல்லைக் காட்டினாலும் குண்டுக் குழந்தை மாதிரிதான் இருக்கும். இது அப்படியில்லை. சுருங்கி, கன்னம் ஒட்டி, நாலு பல்லோடு, நிஜமாகவே செத்த முகம். கிழங்கைக் குடைந்து ஒரு சின்ன விளக்கு செய்தவர்களுக்குப் பிணத்தின் முகம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டிலேயே கிடத்தி, இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருந்தவர்கள் அல்லவா.

டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் சதுப்பு நில மனிதர்களையும், அதாவது சதுப்பு மண்ணில் தோலோடு கெடாமல் கிடைத்த பழங்காலப் பிணங்களையும், பார்த்துவிட்டு வந்தேன். 2003-இல் கிடைத்த ஓல்டு குரோகன் மனிதருக்குத் தலை இல்லை, இடுப்புக்குக் கீழும் இல்லை. ஆனால் கை இருக்கிறது. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய கை, தோலோடு, ரேகையோடு, ஒழுங்காக வெட்டிய நகத்தோடு. இருபத்தேழு எலும்பையும் எண்ணிப் பழகிய எனக்கு அந்தத் தோல் ஒரு திரை மாதிரித் தெரிந்தது, உள்ளே வேலை செய்கிறவளைப் போய் வெளிவாசலில் நிறுத்திவைத்த மாதிரி. அங்கே மட்டும் நான் எந்த ஜோக்கும் அடிக்கவில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு அயர்லாந்து வரைக்கும் போக வேண்டியதில்லை. நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. பக்கத்திலேயே ஆதிச்சநல்லூர். 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரியா தோண்டிய பறம்பு. சின்ன வயதில் மாமாவின் சைக்கிளில் அந்த வழியாகப் போனால், மழை அரித்த இடத்தில் தாழியின் வாய் வட்ட வட்டமாகத் தெரியும். உள்ளே யாரு இருக்கா என்று கேட்டால் மாமா, ‘நம்ம ஆளுகதான்’ என்பார். அதில் பயமுறுத்தலும் இல்லை, சமாதானமும் இல்லை. மணிமேகலையின் சுடுகாட்டில் பேயாட்டம் பார்த்தே ஒரு பையன் செத்துப்போகிறான், பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன, காரைக்கால் அம்மையார் தானே பேயாகித் தலையால் நடக்கிறார். இந்த இலக்கியத்தைப் படித்து வந்தவளுக்கு ஹாலோவீன் கொஞ்சம் பால்வாடி மாதிரிதான் இருந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சுடலைமாடன் கோயில். கொடைத் திருவிழா அன்று நடுச்சாமத்தில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அந்த நேரம் பெண்களும் பிள்ளைகளும் வெளியே வரக் கூடாது, ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன், ஒன்பது வயதில். பந்தத்தின் வெளிச்சம் ஓடியது, சலங்கைச் சத்தம், அப்புறம் இருட்டு. திரும்பி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலையில் அதே சாமியாடி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். பந்தம் ஏந்திய கையும் டம்ளர் பிடித்த கையும் ஒன்றுதான் என்பது எனக்கு எவ்வளவு ஆச்சரியமாக இருந்தது! பூனைகளின் குகையில் டார்ச்சை அணைத்தபோது நினைவுக்கு வந்தது அந்த ஜன்னல்தான்.

அம்மாவுக்கு என் வேலை இன்றைக்கும் முழுசாகச் செரிக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் விடாதவள், தினமும் பிணக்குழிக்குள் இறங்குகிற மகளை என்ன செய்வாள்? முதல் வருஷமெல்லாம் போனில் தினம் ஒரே கேள்விதான். ‘ஏட்டி, குளிச்சிட்டுத்தான சாப்பிடுத?’ குளித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், களிமண் அப்படி. எலும்பு கழுவுகிற நாளில்கூட வீட்டுக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். தேவையே இல்லை, கையுறை போட்டுத்தான் வேலை. இருந்தாலும் ஊற்றிக்கொள்கிறேன்.

போன ஹாலோவீன் அன்று வாசலில் மாடசாமியைத் தொங்கவிட்டு, கிண்ணத்தில் மிட்டாய் நிரப்பி, பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே நடுராத்திரி, தூக்கம் வரவில்லை என்றாள். போனைத் திருப்பிக் காட்டினேன்.

‘அது யாருட்டி வாசல்ல?’

‘பொம்மைம்மா. மாடசாமி.’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன். நம் ஊர்ச் சாமியின் பேரை ஒரு பிளாஸ்டிக்குக்கு வைத்ததற்கு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தாள்.

‘பேரு வெச்சாச்சுல்லா? பொறவு சும்மா தொங்கவிடக் கூடாது. ஒரு சுருட்டாவது வையி.’

எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குச் சுருட்டுக்கு எங்கே போவது? கிண்ணத்தில் துழாவி, நீளமாக ஒரு சாக்லேட்டை எடுத்து, உறையைப் பாதி உரித்து, மாடசாமியின் பல்லிடுக்கில் இடது பக்கமாகச் செருகிவைத்தேன். ‘இப்பச் சரி’ என்றாள் அம்மா. படிக்கட்டில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.